எலுமிச்சை இலையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எலுமிச்சைக் கடிதங்கள்தான். வெயில் காய்ந்து மழை வந்ததும் மரமெல்லாம் ஒரே மூச்சில் துளிர் விட்டிருக்கிறது. துளிர் வந்தால் பின்னாலேயே பூச்சியும் வரும். அதனால் இந்த முறை ரோஜா, கீரை, மிளகாய் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா, நாங்கள் தோட்டத்து (எஸ்டேட்) லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. வந்த கையோடு வைத்த லிமாவ் நிப்பிஸ் எலுமிச்சை மரம், இரண்டு வருஷமாக நல்ல காய்ப்பு. இப்போது புது இலையெல்லாம் சுருண்டுபோய், மேலே வெள்ளி ஜரிகை போட்டதுபோல் கோடு கோடாக இருக்கிறது. கீழ் இலைகளில் அடுப்புக்கரி பூசியதுபோல் கறுப்பு. கறுப்பு எறும்பு வரிசையாக ஏறி இறங்குகிறது. வீட்டுக்காரரின் கூட்டாளி, தோட்டத்தில் அடிக்கிற மருந்து என்று மினரல் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்து தந்தார். மாமியார் கண்ணேறு என்று சொல்லிப் பழைய செருப்பை மரத்தில் கட்டிவிட்டார். நான் எதைச் செய்வது?
வாசகி, சுங்கை சிப்புட்

செருப்பு தொங்கட்டும் தங்கச்சி, அதனால் மரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. அந்தப் போத்தலைத்தான் முதலில் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அப்புறம் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள். தோட்டத்து மருந்து என்றால் எந்த மருந்து? தோட்டத்தில் பெரும்பாலும் அடிப்பது பூச்சிக்கு இல்லை, புல்லுக்கு. களைக்கொல்லியை எலுமிச்சையில் அடித்தால் பூச்சி பிழைத்துக்கொள்ளும், மரம்தான் போய்விடும். லேபிள் இல்லாத போத்தலில் எது இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது. என் அம்மா தோட்டத்தில் மருந்து பம்பு முதுகில் சுமந்தவர். கையுறை கிடையாது, முகத்துக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். அவர் நகங்கள் எப்படி இருந்தன என்று எனக்குத்தான் தெரியும். அந்தக் காலத்தில் அள்ளி அள்ளி அடித்த பாராகுவாட் களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் நம் மலேசியாவில் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் தண்ணீர்ப் போத்தலில் மருந்தை ஊற்றிக் கொடுக்கிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

சரி, மரத்துக்கு வருவோம். உங்கள் மரத்தில் இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

வெள்ளிக் கோடு போடுவது இலைச் சுரங்கப் புழு. சின்னஞ்சிறு அந்துப்பூச்சி ஒன்று துளிர் இலையில் முட்டையிடும், பொரித்த புழு இலையின் தோலுக்கும் சதைக்கும் நடுவே புகுந்து தின்றுகொண்டே போகும், போன வழிதான் நீங்கள் பார்க்கும் ஜரிகை. கடைசியில் இலை ஓரத்தை மடித்து அதற்குள் கூட்டுப்புழுவாகிவிடும், இலை சுருள்வது அதனால்தான். புழு இலைக்குள்ளே இருப்பதால் மேலே அடிக்கிற சவர்க்காரத் தண்ணீர் அதைத் தொடாது. நல்ல செய்தி என்னவென்றால் ஆறு வருஷ மரத்துக்கு இது பெரிய நோவே இல்லை. முற்றிய இலையை அது தொடாது, பழத்தையும் கெடுக்காது, பார்க்கத்தான் அசிங்கம். சுருண்ட இலையைக்கூடப் பறிக்க வேண்டாம், பாதி பச்சை இருந்தாலும் அது மரத்துக்குச் சமைத்துப் போடுகிற இலைதான். ஒட்டோ பதியமோ போட்டுப் புதிதாக வைத்த கன்றாக இருந்தால் மட்டும், துளிர் விரல் நீளம் வரும்போதே வேப்பெண்ணெய்க் கரைசலை வாரம் ஒரு முறை அடித்தால் முட்டையிடுவது குறையும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நிப்பிஸ் எலுமிச்சைக்குச் சொறி நோய் சுலபமாக ஒட்டும், இந்தப் புழு போட்ட காயத்தின் வழியாக அது இன்னும் வேகமாக உள்ளே போகும். இலையிலும் காயிலும் தடவினால் சொரசொரவென்று மேடாக, சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு புள்ளி இருந்தால் அது பூச்சி இல்லை, பாக்டீரியா. அந்தக் கிளையை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டுச் செம்பு மருந்து வாங்கி லேபிளில் சொன்ன அளவில் அடியுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது கவாத்து செய்யாதீர்கள், கத்திரியோடு நோயும் அடுத்த கிளைக்குப் போகும்.

இப்போது அந்தக் கறுப்பு. அதைத் துடைத்துப் பாருங்கள், விரலோடு வந்துவிடும். அது மேலே படிந்த பூஞ்சைதான். மேல் கிளைகளில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற பூச்சி இனிப்பான பிசினை ஒழுகவிடும், அது கீழ் இலையில் சொட்டும், அதில் கரும்பூஞ்சை பிடிக்கும். அதனால் கறுப்பாக இருக்கிற இலையைப் பார்த்துப் பிரயோசனமில்லை, அதற்கு நேர் மேலே இருக்கிற இலையைத் திருப்பிப் பாருங்கள். நடு நரம்பை ஒட்டிப் பழுப்பாக ஓடுபோல ஒட்டியிருந்தால் செதில் பூச்சி, வெள்ளை மாவு தூவியதுபோல் இருந்தால் மாவுப்பூச்சி, துளிர் நுனியில் கறுப்பாகவோ பழுப்பாகவோ கூட்டமாக மொய்த்தால் அசுவினி. பெயர் எதுவாக இருந்தாலும் எறும்பு அங்கே கூலிக்குக் காவல் நிற்கிறது, பிசின்தான் கூலி. இந்தப் பூச்சிகளைத் தின்ன வருகிற பொறிவண்டையும் குளவியையும் அது விரட்டிவிடும். ஆகவே முதல் வேலை எறும்பை மரத்திலிருந்து இறக்குவது. அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு டேப் சுற்றி, டேப்பின் மேல் கிரீஸோ வாஸ்லினோ பூசுங்கள், நேராகப் பட்டையில் பூசாதீர்கள். சுவரைத் தொடுகிற கிளையை வெட்டிவிடுங்கள். என் வீட்டில் இவ்வளவும் செய்தும் எறும்பு குறையவில்லை, ஒரு வாரம் தலையைச் சொறிந்துவிட்டு அப்புறம்தான் பார்த்தேன், துணிக்கொடியின் ஒரு முனை மரத்தில் கட்டியிருந்தது, அதுதான் அவர்களுக்கு நெடுஞ்சாலை.

அப்புறம் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், பாத்திரம் கழுவுகிற திரவம் கால் தேக்கரண்டி. முதலில் வெதுவெதுப்பான கொஞ்சம் தண்ணீரில் இரண்டையும் நன்றாகக் கலக்கி வெள்ளையாக வந்ததும் மிச்சத் தண்ணீரை ஊற்றுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும், பூச்சியின் மேல் பட்டால்தான் வேலை செய்யும். செதில் பூச்சி கெட்டியாக ஒட்டியிருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைக் கரைசலில் நனைத்துத் தேய்த்துவிடுங்கள். ஏழு நாள் விட்டு இன்னொரு முறை, அதற்கு ஏழு நாள் கழித்து மூன்றாவது முறை. குஞ்சுகள் பொரித்து வந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒரு தடவையோடு நிறுத்தக் கூடாது.

நேரம் முக்கியம். நம் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்தால் அடித்ததெல்லாம் கழுவிக்கொண்டு போகும், உச்சி வெயிலில் அடித்தாலோ எண்ணெய் இலையைப் பொசுக்கிவிடும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, அதுவும் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் நல்லது என்று இரண்டு மடங்கு எண்ணெய் போட்டு அடித்தேன், மூன்றாம் நாள் பாதி மரம் மொட்டை. மழை விட்டு இலை காய்ந்த சாயங்காலம் ஆறு மணிதான் நல்ல நேரம். முதலில் நாலு இலையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு முழு மரத்துக்குப் போங்கள்.

இன்னொரு சந்தேகம் எனக்கு. செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) போடுகிற உரம் யாராவது கொண்டுவந்து கொடுத்து அதை அள்ளிப் போட்டீர்களா? தழைச்சத்து கூடினால் மரம் ஓயாமல் துளிர் விடும், இத்தனை பூச்சிக்கும் துளிர்தான் சோறு. கொஞ்ச நாள் உரத்தை நிறுத்துங்கள்.

அக்கா, வீட்டுக் கஸ்தூரி எலுமிச்சை இலை மஞ்சளாகிறது. சிலர் சத்துக் குறைவு என்கிறார்கள், சிலர் மரத்தையே வெட்டச் சொல்கிறார்கள். பக்கத்தில் கருவேப்பிலை மரம் இருப்பதுதான் காரணம் என்று ஒருவர் சொன்னார். கருவேப்பிலையையும் வெட்ட வேண்டுமா?
வாசகர், கோலகங்சார்

கத்தியைக் கீழே வையுங்கள் தம்பி. ஆனால் அந்த ஒருவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

ஒரு மஞ்சள் இலையைப் பறித்து நடு நரம்பில் நேராக மடித்துப் பாருங்கள். இரண்டு பாதியும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒரே மாதிரி மஞ்சளாக இருந்தால், நரம்பு பச்சையாக நின்று இடையில் மட்டும் வெளுத்திருந்தால், அது துத்தநாகமோ மக்னீசியமோ இரும்போ குறைந்த மரம். நுண்ணூட்டச் சத்து வாங்கித் தெளித்தால் தேறிவிடும். அப்படி இல்லாமல் ஒரு பாதியில் இங்கொரு திட்டு, மறு பாதியில் வேறு இடத்தில் ஒரு திட்டு என்று ஒழுங்கில்லாமல் மஞ்சள் கலந்திருந்தால், அதோடு ஒரு கிளை மட்டும் முதலில் மஞ்சளாகி, பழம் ஒரு பக்கம் சூம்பி, பழுத்தாலும் அடிப்பகுதி பச்சையாகவே நின்றால் கவலைப்பட வேண்டியதுதான். ஹுவாங்லோங்பிங் என்று சீனப் பெயர், பச்சையாதல் நோய் என்றும் சொல்வார்கள். பாக்டீரியா மரத்தின் சாறு ஓடுகிற குழாய்க்குள் உட்கார்ந்துவிடும், மருந்து கிடையாது. திரெங்கானு பக்கம் பெயர்பெற்ற லிமாவ் மாடு என்கிற ஆரஞ்சுத் தோட்டங்களை மோசமாக அடித்தது இதுதான்.

இதைப் பரப்புவது சைலா என்கிற பூச்சி, மூன்று நாலு மில்லிமீட்டர்தான் இருக்கும், பழுப்புத் திட்டுப் போட்ட இறக்கை. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம், தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்திருக்கும், வேறு எந்தப் பூச்சியும் எலுமிச்சையில் அப்படி உட்காராது. குஞ்சுகள் மஞ்சளாகத் தட்டையாக, வெள்ளை மெழுகு நூலைச் சுருள் சுருளாக விட்டுக்கொண்டு துளிரில் இருக்கும். எலுமிச்சை, கருவேப்பிலை, வேலிக்கு வைக்கிற கெமுனிங் மூன்றும் ஒரே குடும்பம். மூன்றின் துளிரிலும் அது முட்டையிடும். அதில் கெமுனிங் என்றால் அதற்கு உயிர்.

அதற்காகக் கருவேப்பிலையை வெட்டச் சொல்ல எனக்கு மனசு வராது, ரசத்துக்கு என்ன செய்வது? இப்படிச் செய்யுங்கள். கருவேப்பிலையை ஓயாமல் ஒடித்துச் சமைக்கிற வீட்டில் துளிர் வந்துகொண்டே இருக்கும், அதனால் ஒடிக்கும்போதெல்லாம் நுனியைப் பாருங்கள், மெழுகு நூல் தெரிந்தால் அந்த நுனியைப் பையில் போட்டுக் கட்டி எறியுங்கள், இரண்டு மரத்துக்கும் சேர்த்தே சாயங்காலம் கரைசல் அடியுங்கள். எலுமிச்சைக்கு நோய் உறுதி என்றால் மட்டும் அதை எடுத்துவிடுங்கள், வைத்திருந்தால் தாமானில் இருக்கிற மற்ற மரங்களுக்கும் அதிலிருந்து போகும். உறுதி செய்ய ஊர் விவசாய இலாகாவில் கிளையோடு இலையைக் கொண்டுபோய்க் காட்டலாம். புதுக் கன்று வாங்கும்போது பாசாரில் லோரியில் வைத்து விற்கிற பதியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். தாய் மரத்துக்கு நோய் இருந்தால் பதியத்துக்கும் இருக்கும், விற்கும்போது இலை பளபளவென்றுதான் தெரியும்.

பறவை எச்சம் மாதிரி ஒன்று இலையில் இருந்தது. தட்டிவிடப் போனால் நகர்கிறது! குச்சியால் தொட்டதும் சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி நாற்றம் அடித்தது. பாம்புக் குட்டியோ என்று என் மகள் பயந்துவிட்டாள்.
வாசகி, லூனாஸ்

எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது எச்சம்போல வேடம் போடும், பெரிதானால் பச்சைக்கு மாறும், மிரட்டினால் அந்தக் கொம்பு. கடிக்காது, விஷமும் இல்லை. பெரிய மரம் என்றால் பத்துப் புழு தின்றாலும் தெரியாது, இடுப்பு உயரக் கன்று என்றால் மூன்று புழு போதும், இரண்டு நாளில் குச்சியாக்கிவிடும். காலையில் கையால் பொறுக்கினாலே தீர்ந்தது, மருந்துக்குச் செலவு வேண்டாம். என் பேத்தி இரண்டு புழுவைப் பாட்டிலில் போட்டு இலை கொடுத்து வளர்த்தாள், கறுப்பும் மஞ்சளுமாக வெளியே வந்தது. உங்கள் மகளுக்கும் பயம் போக அது ஒரு வழி.

எங்கள் வீட்டு லிமாவ் பாலி (பம்பளிமாஸ்) மரத்தில் காய் டென்னிஸ் பந்து அளவு வந்ததும் அடிப்பக்கம் ஓட்டை விழுந்து பிசின் வடிகிறது, கூடவே மரத்தூள்போல ஏதோ தள்ளுகிறது, அப்புறம் விழுந்துவிடுகிறது. தம்புனில் விற்கிற மாதிரி ஒரு பழமாவது சாப்பிட ஆசை.
வாசகர், ஈப்போ

தம்புன்காரர்கள் பக்கத்திலேயே இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்கள்! காய்த் துளைப்பான் புழுதான். அந்துப்பூச்சி காயின் கீழ்ப்பாதியில் முட்டை வைக்கும், புழு உள்ளே போய்விட்டால் எந்த மருந்தாலும் வெளியே எடுக்க முடியாது. நீங்கள் தூள் என்று சொன்னது அதன் கழிவு. காய் சின்னதாக இருக்கும்போதே, ஓட்டை விழுவதற்கு முன்பே, காகிதப் பையோ துணிப் பையோ போட்டுக் காம்போடு கட்டிவிடுங்கள், அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன வழி விடுங்கள். பழ ஈயும் பழத்தைக் குத்துகிற அந்துப்பூச்சியும்கூட இதிலேயே அடங்கிவிடும். விழுந்த காயை மரத்தடியில் விடுவதுதான் பெரிய தப்பு. பையில் கட்டி இரண்டு வாரம் வெயிலில் போடுங்கள், உரக் குழியில் போடாதீர்கள், அங்கே புழு வளர்ந்து திரும்ப வரும்.

நான் தோட்டத்தில் 31 வருஷம் மண்டோராக (கங்காணியாக) இருந்தவன். மாதம் ஒரு தடவை மாலத்தியான் அடித்தால் ஒரு பூச்சியும் தங்காது. நீங்கள் எண்ணெய், சவர்க்காரம் என்று சுற்றி வளைக்கிறீர்களே?
வாசகர், கோலசிலாங்கூர்

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன் நான் சின்னப் பிள்ளை. ஆனால் நீங்கள் வேலை பார்த்த தோட்டத்து வரலாற்றையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். 1960களில் நம் செம்பனைத் தோட்டங்களில் கூடுபுழு பெருகியபோது கண்ட மருந்தையும் அடித்தார்கள், அடிக்க அடிக்கப் புழு கூடியது. காரணம், புழு கூட்டுக்குள் பத்திரமாக இருந்தது, அதைத் தின்கிற குளவிகள்தான் செத்தன. இப்போது தோட்டத்துப் பாதை ஓரமெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூச்செடி வைத்திருக்கிறார்களே, அழகுக்கு வைத்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அந்தக் குளவிகள் தேன் குடித்து உயிரோடு இருக்கத்தான் அது. அதேபோல் நம் பெண்கள் செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த வேலை போனது.

வீட்டு எலுமிச்சையிலும் இதே கணக்குதான். மாதாமாதம் மாலத்தியான் அடித்தால் பொறிவண்டு போகும், செதில் பூச்சி ஓட்டுக்குள் தப்பிக்கும், சிலந்திப்பேன் முன்னைவிடப் பெருகும். பூ விட்ட நேரத்தில் அடித்தால் தேனீயும் கெலுலுட் என்கிற கொடுக்கில்லாத சின்னத் தேனீயும் சாகும், அப்புறம் பக்கத்து வீட்டுப் பூசணிகூடக் காய்க்காது. இன்னொன்றும் யோசியுங்கள். தோட்டத்தில் அடித்த மருந்து பனம்பழத்தோடு ஆலைக்குப் போனது, உங்கள் வீட்டு எலுமிச்சை ஊறுகாய் ஜாடிக்குப் போகிறது, அதுவும் தோலோடு. வேறு வழியே இல்லை என்று கடை மருந்து வாங்கினால் லேபிளின் அடியில் இருக்கிற வண்ணப் பட்டையைப் பாருங்கள், கறுப்பும் சிவப்பும் வீட்டுக்கு வரவே கூடாது. எலுமிச்சைக்கு அடிக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறதா, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருக்கிறதா, இரண்டையும் படித்துவிட்டு அடியுங்கள்.

எலுமிச்சை மரத்தில் சிவப்பு எறும்பு இலையைத் தைத்துக் கூடு கட்டியிருக்கிறது. எறும்பை இறக்கச் சொல்கிறீர்கள், இதையும் கொளுத்திவிடவா?
வாசகி, பாகான் செராய்

ஐயோ, நெருப்பெல்லாம் வேண்டாம். இது கெரெங்கா, ஊரில் முசுறு என்பார்கள். மேலே சொன்ன கறுப்பு எறும்பு வேறு, இது வேறு. கெரெங்கா புழுவையும் காயைக் குத்துகிற பச்சை நாவாய்ப் பூச்சியையும் பிடித்துத் தின்னும். 1700 வருஷத்துக்கு முன்பே தென் சீனத்தில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இந்த எறும்புக் கூட்டைச் சந்தையில் விலைக்கு வாங்கி மரத்தில் கட்டினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்கும் பிசின் ஆசை உண்டு, அதனால் கூட்டுக்குப் பக்கத்து இலைகளில் செதில் பூச்சி இருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள், இருந்தால் அந்த நுனியை வெட்டிவிடுங்கள். பிள்ளைகள் விளையாடுகிற பக்கம் கூடு தொங்கினால் இரவில் அந்தக் கிளையோடு வெட்டி வேறு மரத்துக்கு மாற்றலாம்.

காய் பறிக்கும்போது கடிக்கத்தான் செய்யும், சந்தேகமில்லை. கை காலில் அடுப்புச் சாம்பலோ டால்கம் பவுடரோ நன்றாகப் பூசிக்கொண்டு போங்கள், எறும்புக்குக் கால் நிற்காது. அப்போதும் நாலு கடி விழும். எங்கள் வீட்டில் காய் பறிக்கிற வேலையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.